ஈரக்காலுக்கு ஒரு தரை

எங்கள் வீட்டு ஹால் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், முன்வாசலில் தொடங்கி அடுக்களை வாசல் வரைக்கும் ஓர் அழுக்குக் கோடு விழுந்திருந்தது. புது வீடு. சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகன் பந்து விளையாடிய கையோடு சுவரைத் தடவிக்கொண்டே ஓடுகிறான் என்று நினைத்து, ஒருநாள் அவனைப் பிடித்து நிறுத்தித் திட்டினேன். துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், போயிற்று. மூன்று வாரத்தில் அதே உயரத்தில் திரும்ப வந்தது. இடையில் வரும் படுக்கையறைக் கதவின் நிலையிலும் அதே உயரத்தில் பாலிஷ் மங்கிக் கறுத்திருந்தது. சின்னப் பையனின் கை என்றால் ஒருநாள் மேலே போகும், ஒருநாள் கீழே வரும். இந்தக் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்கு உடனே விளங்கவில்லை.

வீடு கட்டுகிற டீச்சர்மார் யாராவது, டைல்ஸ் எங்கே எடுத்தீர்கள், என்ன சைஸ் நல்லது என்று பள்ளியில் என்னிடம் கேட்டால் இந்தக் கோட்டின் கதையைத்தான் சொல்கிறேன். எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிவப்புத் தரை

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம். மாமனார் 1978இல் கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத்தான் இந்தக் கான்கிரீட் வீட்டை எழுப்பினோம். பழைய வீட்டில் சிவப்புச் சிமென்ட் தரை. சிமென்டோடு காவிப் பொடியைக் குழைத்துப் பூசி, கரண்டியால் இழைத்து இழைத்து மெருகேற்றிய, மூட்டே இல்லாத ஒரே பரப்பு. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால் மாமி, அதாவது என் மாமியார், அதில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார். அந்தத் தரையும் வழவழப்பாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் நாற்பது வருடம் கால் பட்டுப் பட்டு, ஆள் நடக்கிற தடத்தில் மட்டும் மெருகு தேய்ந்து, உள்ளே இருந்த மணல் மேலே வந்து லேசாகச் சொரசொரத்துப் போயிருந்தது. சுவரோரங்களில் பளபளப்பு, நடக்கிற வழியில் மங்கல். அந்த வீட்டில் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதில் நீளமான தடம் மாமியுடையது. காலை நாலரைக்கு எழுந்து, விளக்குப் போடாமலே வெளியே போய், வாரியலால் முற்றம் தூத்து, வாசல்படியில் வாளித் தண்ணீரில் கால் கழுவிவிட்டு அப்படியே உள்ளே வந்து அடுக்களையில் அடுப்பைப் பற்றவைப்பார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இது வழக்கம். வெளியே போய்விட்டு வருகிறவர் கால் கழுவாமல் படியேறக் கூடாது. கழுவிய காலைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும் என்று மட்டும் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லவேண்டிய தேவையும் அந்தத் தரைகளில் இருக்கவில்லை. ஈரக்கால் நாலு சுவடு வைக்கும், ஐந்தாவது சுவடு பாதியாகும், அதற்குள் அடுக்களை வந்துவிடும்.

நிறுத்தி வைத்துப் பார்த்தது

புது வீட்டுக்கு டைல்ஸ் எடுக்க மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். வீடியோ காலில் கூட வந்தார். கடையில் எல்லாவற்றையும் சட்டங்களில் செங்குத்தாக நிறுத்தி, மேலேயிருந்து விளக்கைப் பாய்ச்சியிருந்தார்கள். தரையில் விரிக்கப்போகிற ஒன்றை நிற்கவைத்துப் பார்க்கிறோமே என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இரண்டடிக்கு இரண்டடி சைஸ், பால் வெள்ளையில் சாம்பல் நரம்போடிய பளபளப்பு விட்ரிஃபைடு டைல்ஸ் ஒன்றைக் காட்டி, "அக்கா, பத்து வருஷம் கழிச்சும் இதுல மொகம் பாக்கலாம்" என்றான் கடைப் பையன். போனைத் திருப்பிக் காட்டினேன். "அதையே எடு. பால்காய்ச்சுக்கு வாறவங்க ரெண்டு நிமிஷம் நின்னு பாக்கணும்" என்றார் கணவர். எனக்கும் பிடித்திருந்தது. அந்தத் தேர்வை அவர் தலையில் மட்டும் கட்ட எனக்கு விருப்பமில்லை.

மற்றதையெல்லாம் சரியாகவே செய்தேன். ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்த்து 450 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 495. இரண்டுக்கு இரண்டு பெட்டியில் நாலு கல். கல் சரியாக இரண்டடி வராது என்பதால் பதினைந்தரை சதுர அடி ஓடும். ஆகவே 32 பெட்டி. எதிர்காலத்தில் ஒரு கல் உடைந்தால் மாற்ற வேண்டுமே என்று மேலும் இரண்டு. சூளையில் ஒவ்வொரு தடவை சுடும்போதும் நிறம் நூலிழை அளவு மாறும் என்பதால், 34 பெட்டியிலும் ஷேடு எண்ணும் அளவு எண்ணும் ஒன்றுதானா என்று லாரி வந்த அன்றைக்கே குனிந்து குனிந்து படித்தேன். நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தில் மச்சு ஆற்றங்கரையிலுள்ள மோர்பியிலும் அதைச் சுற்றியும் சுடப்படுவது. அங்கிருந்து நாட்டின் இந்த நுனி வரைக்கும் வந்து சேருவது ஒரு சரக்கு; அடுத்த தடவை அதே சரக்கு கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. இரண்டு கல்லை முகத்தோடு முகம் ஒட்டிவைத்து நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்த்தேன். தெரிந்தால் கல் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனையும் பார்த்தேன். ஒரு கல்லைத் தரையில் கிடத்தி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்கவில்லை.

2022 ஆவணியில் பால்காய்ச்சு. வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஜூன் மாதத்து விடியல்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை உண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கும். அது ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும்போதே அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். மேற்கு பார்த்த எங்கள் முன்வாசல் சிட்அவுட்டில் சாரல் முழங்கால் உயரத்துக்கு அடிக்கும். அதுபோக, மழை விட்டு வெக்கை ஏறும் நாட்களில் தரை தானாகவே வியர்க்கும். டைல்ஸ் குளிர்ந்து கிடக்கிறது, காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. குளிர்ந்த பாத்திரத்தின் வெளியே நீர் கோத்துக்கொள்வதுபோல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் கல்லின்மேல் படிகிறது. பழைய வீட்டில் ஓட்டிடுக்கு வழியாகவும் காற்று போய்வரும். புது வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டால் ஈரம் உள்ளேயே கிடக்கும்.

2023 ஜூன் மாதத்தில் ஒருநாள். விடியப்போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்ற புழுக்கத்தில் எழுந்து அறைக்கதவைத் திறந்தேன். மாமி சிட்அவுட்டிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, வாசல் நடையிலேயே நின்றார். பிறகு இடது கையைச் சுவரில் பரப்பி வைத்தார். வலது காலை எடுத்து வைக்கவில்லை; தேய்த்து முன்னால் நகர்த்தினார். கால்விரல்கள் கல்லைப் பற்றப் பார்ப்பதுபோல் உள்ளே மடங்கியிருந்தன. பிறகு இடது கால். பிறகு கை. கை நகர்ந்த பிறகுதான் கால் நகர்ந்தது. இருட்டில் நான் நிற்பதைப் பார்க்கவில்லை. கதவு நிலைக்கு வந்ததும் அதை இறுக்கிப் பிடித்து ஒரு மூச்சு விட்டார். நிலையில் அந்தக் கை வைத்த உயரத்தைப் பார்த்தேன். மூன்றடி.

"என்ன மாமி இது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மக்ளே. ஒரு பெலத்துக்குப் பிடிச்சேன்."

முன்வாசலிலிருந்து அடுக்களைக்கு இருபத்திரண்டு அடி. பத்து மாதமாக அந்த இருபத்திரண்டு அடியை அவர் இப்படித்தான் கடந்திருக்கிறார், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. அவர் விழுந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரி, பிளேட்டு, கம்பி என்று வீடே தலைகீழாகியிருக்கும். விழாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு, ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு காட்சிக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக விளங்கியது. தரை துடைக்கும்போது அவர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. குளியலைப் பதினொரு மணிக்குத் தள்ளிப்போட்டிருந்தார். மத்தியானம் வெறுந்தரையில் தலைக்குப் பலகை வைத்துப் படுக்கிற பழக்கத்தை விட்டுவிட்டார். படுத்தால் எழும்புவதற்குக் கையூன்ற வேண்டும், ஊன்றிய கை வழுக்கும். அவருக்கு வயதாகிறது, ஒதுங்குகிறார் என்று நானாக நினைத்திருந்தேன். எழுபத்தொரு வயது அந்தத் தரைக்கு முந்தைய மாதம்வரை ஒரு வயதாகவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது. "பிள்ள வெயில்ல கெடந்து சம்பாதிச்சுப் போட்ட தறை. அதை எப்பிடி மக்ளே கொறை சொல்லது?"

ஆர் ஒன்பது என்றால் என்ன

அன்றைக்குச் சாயங்காலம் மீதியிருந்த கல் ஒன்றைப் பின்பக்கம் போட்டு, தண்ணீர் ஊற்றி, நான் ஏறி நின்றேன். எனக்கே குதிகால் நழுவியது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதில் ஆர் 9 என்று அச்சடித்திருந்தது. கடையில் அந்த எண்ணைக் காட்டி, "வழுக்காதுக்கா, ஆர் ஒம்பது இருக்கு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஒன்பது என்றால் பத்துக்கு ஒன்பது மாதிரி என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். அது அப்படியில்லை. அது ஜெர்மன் தர அளவு. சாய்க்கக்கூடிய ஒரு மேடையில் டைல்ஸைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, ஒருவரை அதன்மேல் முன்னும் பின்னும் நடக்கவிட்டு, மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். எந்தச் சாய்வில் அவர் தடுமாறுகிறார் என்பதுதான் கணக்கு. ஆறிலிருந்து பத்து பாகை வரை தாங்கினால் ஆர் 9. பத்தொன்பது வரை ஆர் 10, இருபத்தேழு வரை ஆர் 11. ஆர் 13 வரைக்கும் இருக்கிறது. ஒன்பதுதான் அந்த வரிசையில் முதல் படி. அதற்குக் கீழே எண்ணே கிடையாது.

இன்னொன்று தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. அந்தச் சோதனையில் நடப்பவர் காலில் தொழிற்சாலை பூட்ஸ் போட்டிருப்பார். வெறுங்காலுக்குத் தனிச் சோதனை இருக்கிறது. அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர், தரமும் எண்ணில் இல்லை, ஏ, பி, சி என்று எழுத்தில். ஏ குறைந்தது, சி கூடியது. நீச்சல்குளத்துக்கும் குளிக்கும் இடத்துக்கும் டைல்ஸ் எடுப்பவர்கள் பார்க்கிற அளவு அது. வாசலில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்குள் நடக்கிற நமக்கு, ஹாலுக்கும் அடுக்களைக்கும் அந்த அளவுதான் பொருந்தும். நான் போன கடைகள் ஒன்றிலும் அந்த எழுத்தைச் சொல்லி விற்கவில்லை. வீட்டுக்குள் செருப்புப் போடாத ஊரில், பூட்ஸுக்கு அளந்த எண்ணைப் பார்த்துத் தரை வாங்குகிறோம்.

மாமியிடம் இதைச் சொன்னேன். வழுக்காத டைல்ஸும் இருக்கிறது மாமி, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வைத்திருப்பார்கள், தண்ணீர்ப் படலத்தைத் தாண்டிக் காலில் தொடும் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அம்மியைக் கொத்தாமப் போட்டா வத்தல் அரையாது, வழுக்கிட்டுத்தான் போவும். அதுக்குப் பல்லு வேணும்லா. தறைக்கும் அப்பிடித்தான்" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு பழைய வீடுகளின் தரையை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போகிறோம். தக்கலைக்குப் பக்கத்தில், நம் மாவட்ட மண்ணில், கேரள அரசின் பராமரிப்பில் நிற்கும் அரண்மனை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் பிள்ளைகளின் கால் எல்லாத் தரையையும் தொடும். மாடியில் இருக்கிற மந்திரசாலையின் கறுப்புத் தரையில் குனிந்து முகம் பார்ப்பார்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள். எங்கள் டைல்ஸ் பளபளப்பெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் அது மழை எட்டாத மாடி. ஈரம் மிதிக்கிற இடமில்லை. குளத்துப் படிக்கு வந்தால் கருங்கல். நம் வீடுகளிலும் கிணற்றங்கரை, அலக்குக்கல், அங்கணம் எல்லாம் உளியால் கொத்திய கல்லாகத்தான் இருந்தன. மயிலாடியில் சிலை கொத்துகிறவர்கள் இருக்கும் மாவட்டத்தில் கல்லுக்குப் பல் வைக்கத் தெரியாதவர்கள் யார்? உலர்ந்த இடத்துக்கு ஒரு தரை, ஈரமான இடத்துக்கு வேறு தரை என்று அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. நாங்கள்தான் சிட்அவுட்டிலிருந்து குளியலறை வரை ஒரே கல்லை ஓட்டினோம். வீடு ஒரே சீராகத் தெரியும் என்பது அதற்கு நாங்கள் சொன்ன காரணம்.

கணவரிடம் சொன்னபோது முதலில் மௌனமாக இருந்தார். பிறகு மிதியடி வாங்கிப் போடலாமே என்றார். போட்டுப் பார்த்தோம். பளபளப்பான கல்லில் மிதியடியே நழுவியது. ரப்பர் அடி வைத்ததன் ஓரம் மடங்கிக் கால் தட்டியது. மேலே ஒரு திராவகம் பூசிச் சொரசொரப்பாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது பலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். பூசியது எத்தனை மழைக்குத் தாங்கும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை, மாமியின் காலை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு மனசில்லை. முழு ஹாலையும் பெயர்த்தெடுக்கப் பணமும் இல்லை. அப்போதுதான் பழைய சிவப்புத் தரையின் மங்கிய தடம் ஞாபகம் வந்தது. மாமி நடக்கிற வழியை மட்டும் மாற்றினால் போதும். வாசலிலிருந்து அடுக்களைக்கு, சுவரை ஒட்டி, நாலடி அகலத்தில் ஒரு பாதை. கூடவே சிட்அவுட், பின்பக்க வொர்க் ஏரியா, குளியலறை. "ஹாலுக்கு நடுவுல ரோடு போட்ட மாதிரி இருக்காதா?" என்று கணவர் கேட்டார். இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மைக்க ரோடுதான, போடு" என்றார்.

இரண்டாவது தடவை

இந்தத் தடவை மாமியையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் வேறொரு கடைக்குப் போனேன். பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு ஷாம்பு பாக்கெட்டும். ஆறேழு மேட் டைல்ஸை எடுத்துத் தரையில் கிடத்தச் சொன்னேன். கடைக்காரர் முதலில் தயங்கினார். பிறகு அவரே ஸ்டூல் எடுத்துவந்து மாமிக்குப் பிடிமானத்துக்கு நின்றார். மேட் என்று எழுதியிருந்த இரண்டு, நனைந்ததும் பளபளப்பைப் போலவே வழுக்கின. பளபளப்பு இல்லை என்பதால் பிடிப்பு இருக்கும் என்று அர்த்தமில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். கார் நிறுத்தும் இடத்துக்கான முரட்டுக் கல் ஒன்று நன்றாகப் பிடித்தது. ஆனால் மாமி உடனே காலை எடுத்துவிட்டார். "உள்ளங்கால் எரியும். அழுக்கும் போவாது" என்றார். கடைசியில் ஒன்றுக்கு ஒன்று சைஸில், ஈரமணல் நிறச் செராமிக் ஒன்றில் ஏறி நின்று, ஸ்டூலை விட்டுக் கையை எடுத்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதற்கே சீட்டு எழுதச் சொன்னேன்.

சின்னக் கல்லை எடுத்ததில் வேறொரு லாபமும் இருக்கிறது. கல் சின்னதானால் மூட்டு கூடும். மூட்டில் போடும் கிரவுட்டும் காலுக்கு ஒரு பிடி. பெருக்கும்போது அழுக்கு தங்கும், அது உண்மைதான். குளியலறைக்கு அதைவிட முக்கியம் வாட்டம். அடிக்குக் கால் அங்குலம் என்று தண்ணீர் போகும் வாய்க்கு வாட்டம் கொடுக்க வேண்டும். முன்பு அங்கே இரண்டுக்கு இரண்டைப் போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய கல்லை நாலு பக்கமிருந்தும் ஒரு மூலைக்குச் சரிக்க முடியாது. அதனால் வாட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். தண்ணீர் சுவரோரம் தேங்கி, பாசி பிடித்து, இன்னும் வழுக்கியது. ஒன்றுக்கு ஒன்று வளைந்து கொடுக்கும்.

தை மாதம், மழை முழுக்க விட்ட பிறகு வேலையைத் தொடங்கினோம். முன்பு டைல்ஸ் ஒட்டியவர்களை இந்தத் தடவை கூப்பிடவில்லை. அழகியமண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனாரும் ஒரு கையாளும் வந்தார்கள். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "டீச்சரே, அம்மை எந்தக் காலை முதல்ல எடுத்து வைப்பாவ?" என்பது. வாசலில் முழுக் கல் வர வேண்டும், வெட்டுத் துண்டு அடுக்களைப் பக்கம் சுவரோரம் ஒதுங்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாராம். பிறகு ஒரு நாணயத்தை எடுத்து ஹாலின் கல் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கெட்டிச் சத்தம்; நிறைய இடத்தில் காலிப் பெட்டியைத் தட்டிய சத்தம்.

மூட்டில் கட்டிங் மிஷினை ஓட்டி, உளி வைத்து முதல் கல்லை நெம்பியதும் அது முழுசாக, அலுங்காமல் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பி என்னிடம் நீட்டினார். அடிப்பக்கம் புதுக் கல்போலச் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுச் சிமென்ட் இல்லை. கீழே பார்த்தால் நாலு மூலையிலும் நடுவிலும் கொழுக்கட்டை வைத்ததுபோல் ஐந்து உருண்டை, இடையிலெல்லாம் வெற்றிடம். "பாத்தியளா, ஒட்டவேயில்ல. சும்மா கெடந்திருக்கு" என்றார். இரண்டு டைல்ஸையும் கவிழ்த்துவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். செராமிக்கின் அடியில் சொட்டு கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்க் கறை மட்டும் நின்றது. விட்ரிஃபைடில் சொட்டு முத்துபோல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அது அரை சதவீதத்துக்குமேல் தண்ணீர் குடிக்காது. இழுத்துப் பிடிக்க வாய் இல்லாத கல்லில் சிமென்ட் பால் ஊற்றினால் பிடிக்காது. செராமிக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சிமென்டில் பதித்துப் பழகியவர்கள் அதே வழக்கத்தில் விட்ரிஃபைடையும் பதித்துவிடுகிறார்கள். அதற்குப் பசைதான் வேண்டும். அதுவும் உருண்டை வைக்காமல், பல் கரண்டியால் முழுக்க இழுத்துத் தேய்த்து. போதாததற்கு மூட்டே தெரியாமல் நெருக்கி ஒட்டியிருந்தார்கள். வெயிலுக்குக் கல் விரிய இடமில்லாவிட்டால் ஒருநாள் நடு ஹாலில் இரண்டு கல் கூடாரம்போல எழும்பி நிற்கும் என்றார். அதுவரை நான் மாமியின் கால் மட்டும்தான் விஷயம் என்று நினைத்திருந்தேன். வீட்டின் மீதித் தரையும் ஒட்டாமல் கிடக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது. அதற்கு இன்னும் வழி செய்யவில்லை. தட்டிப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறேன்.

பாதைக்கு 88 சதுர அடி. பழைய கல் கனம் கூடியது, புதுக் கல் மெல்லியது. இரண்டும் சேருகிற கோட்டில் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் தேய்த்து நடக்கிற கால் தட்டும் என்று, பசையின் கனத்தைக் கல்லுக்குக் கல் மாற்றி, ரசமட்டம் வைத்து, கடைசியில் கண்ணை மூடி உள்ளங்கையால் அந்தக் கோடு முழுக்கத் தடவிப் பார்த்தார். இரண்டு இடத்தில் நின்று, கல்லைப் பெயர்த்து மறுபடி வைத்தார். மூன்று மில்லி மூட்டு விட்டார். பெயர்க்கும்போது பக்கத்தில் உடைந்த ஐந்து கல்லுக்கு, நான் அன்றைக்கு ஷேடு எண் பார்த்து எடுத்துவைத்த இரண்டு பெட்டி உதவியது. ஒட்டி ஒரு முழு நாள் யாரும் மிதிக்கக் கூடாது என்று பலகை குறுக்கே வைத்துவிட்டுப் போனார். மாமி அந்த ஒரு நாள் முழுக்கப் பின்வாசல் வழியாகச் சுற்றி நடந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை அழகாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. வெள்ளை ஹாலில் ஈரமணல் நிறத்தில் ஒரு பட்டை. வருகிறவர்கள் இப்போதும் நின்று பார்க்கிறார்கள். கல் தீர்ந்துபோயிற்றா என்று கேட்டவர்களும் உண்டு. சுவரைத் துடைத்துவிட்டு ஒரு கை பெயின்ட் அடித்தோம். 2024 ஜூன் மழை தொடங்கி மூன்று வாரம் ஆனது, ஐந்து வாரம் ஆனது; நான் தினமும் அந்த மூன்றடி உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தன நிறம் சந்தன நிறமாகவே இருந்தது.

ஆறாவது வாரமோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை, மாமி பாதையின் நடுவில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "மக்ளே, இந்தத் தறை கொள்ளாம், ஆனா தொடைக்க முடியல. மாப்பு நூலு பிடிச்சு இழுக்கு. பாத்து எடுத்திருக்கலாம்லா நீ" என்றார். புது வீட்டைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அது. சாயங்காலமே திங்கள்சந்தைக்குப் போய் நீளக் கைப்பிடி வைத்த தேய்ப்பு பிரஷ் ஒன்று வாங்கி வந்தேன். அதன் கைப்பிடி குட்டையாக இருக்கிறது என்றார்.